டொடோமாவில் நான் மொட்டையடித்த முப்பது கொடிகள்

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். திராட்சைக்கும் எனக்கும் இருந்த உறவு தின்பதோடு சரி. அப்படிப்பட்டவன், 'திராட்சை சாகுபடியில் பதினான்கு ஆண்டு அனுபவம்' என்று படிவத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். பொய் என்று யாரும் சொல்லிவிட முடியாது. பக்கத்துத் தோட்டத்து வேலிக்குள் முதன்முதலாக நுழைந்தபோது எனக்கு வயது பன்னிரண்டு. படிவம் நிரப்பும்போது இருபத்தாறு. கழித்துப் பாருங்கள், சரியாக வரும்.

காமயகவுண்டன்பட்டியில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் பன்னீர்த் திராட்சை. பார்த்துக்கொண்டது அண்ணன். நான் பி.ஏ. முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். அதாவது, கம்பம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கவாத்து நாளில் மட்டும் எனக்கு ஒரு பொறுப்பு உண்டு. கொடி வெட்ட வரும் ஆட்களுக்கு டீயும் வடையும் வாங்கிப் போக வேண்டும். அவர்கள் பந்தலுக்கு அடியில் அண்ணாந்து நின்று கத்தரியால் டக் டக்கென்று வெட்டித் தள்ளுவார்கள். ஓர் இலை மிஞ்சாது. காலையில் பச்சைக் கூரையாக இருந்த தோட்டம் சாயங்காலம் கம்பியும் குச்சியுமாக நிற்கும். பதினைந்து நாளில் துளிர், நாலு மாதத்தில் பழம். இதுதான் நான் கற்ற வேளாண்மை. வடை சூடாக இருந்ததால் நடுவில் சில பாடங்களைக் கவனிக்கவில்லை.

எழுபதுகளின் கடைசி அது. தான்சானியாவில் திராட்சை விளைகிற ஒரு வறண்ட பகுதிக்குத் தொண்டர்கள் தேவை என்று பேப்பரில் விளம்பரம் வந்தது. அங்கேயே எட்டு வாரம் பயிற்சி. முடித்தால் ஏதாவது ஒரு கடைக்கோடிக் கிராமத்தில் இரண்டு வருடம் தங்கிச் சொல்லிக்கொடுக்க வேண்டும். மதுரையில் நேர்முகம் நடத்திய அம்மையார் 'கம்பம் பள்ளத்தாக்கு' என்று கேட்டதுமே பேனாவைத் திறந்துவிட்டார். ஆளை விட்டுவிட்டு ஊரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது பிற்பாடுதான் எனக்கு விளங்கியது. அண்ணனுக்கு அப்போதே விளங்கிவிட்டது.

"ஏலே, கொடிக்கும் கோவக்காய்க்கும் வித்தியாசம் தெரியாத பய நீயி. கடல் தாண்டிப் போயி என்னத்தச் சொல்லிக்குடுக்கப் போற?"

"அவுகளாத்தான என்னயத் தேர்வு பண்ணிருக்காக."

"நம்ம தோட்டத்துல ஒரு நா உன் வேலையப் பாத்துருந்தா, அவுக அந்த ஆப்பீசையே மூடிட்டுப் போயிருப்பாக."

டவுன் பஸ்ஸில் என்னை ஏற்றிவிட ஊரில் பாதி வந்துவிட்டது. கழுத்தில் சம்பங்கி மாலை. மாலைக்கு மேலே மூக்கு மட்டும் வெளியே. "ஆத்தாடி, அங்கன சிங்கம் இருக்குமாம்ல?" என்று ஒருத்தி கேட்க, "இவன எந்தச் சிங்கம் திங்கும்? பல்லுல மாட்டிக்கிரும்" என்று இன்னொருத்தி சமாதானம் சொன்னாள். இத்தனை மரியாதையோடு வழியனுப்பப்பட்டவன் பாதியில் திரும்பி வந்தால், அந்தப் பஸ் ஸ்டாப்பில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு இறங்குவான்? இந்தக் கேள்வி அடுத்த இரண்டு மாதமும் என்னோடு ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டது.

டொடோமாவுக்குப் போன ரயில் வழியில் ஒரு சின்ன ஸ்டேஷனில் நின்றது. நின்றது என்றால், உட்கார்ந்துவிட்டது. பெண்கள் கூடையில் வேர்க்கடலை கொண்டுவந்து ஜன்னல் ஜன்னலாக விற்றார்கள். ஒரு மணி நேரம் கழித்து அவர்களும் கூடையைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டார்கள். என் பக்கத்து இருக்கைப் பெரியவரிடம், எப்போது கிளம்பும் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் என்னையும் ரயிலையும் மாறி மாறிப் பார்த்து, "அவசரமா? யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தார். இல்லை என்றதும் நிம்மதியாகத் தூங்கிவிட்டார்.

இறங்கிய ஊர் எப்படி என்றால், ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டியதும் வருகிற காய்ந்த தரையை உருட்டி, அடிவானம் வரைக்கும் பாய் விரித்தது போல. செம்மண் புழுதி, முள், அங்கங்கே தொப்பை வைத்த மரங்கள். எங்கள் பக்கம் எந்தத் திசையில் பார்த்தாலும் ஒரு மலை குறுக்கே வந்து நிற்கும். இங்கே கண் போய்க்கொண்டே இருந்தது. பிடித்து நிறுத்த ஆளில்லை.

முதல் நாள் சாப்பாட்டுக்குத் தட்டில் ஒரு வெள்ளை மலையை வைத்தார்கள். உகாலி என்று பேர். வாயில் வைத்ததும் ஆள் தெரிந்துவிட்டது. மக்காச்சோளக் களி! ஊரில் களி என்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டு இட்லி கேட்ட பரம்பரை நான். பாஸ்போர்ட் எடுத்து, அம்மை ஊசி போட்டு, கடல் தாண்டி வந்து, தினம் இரண்டு வேளை களி தின்றேன். கூடவே கீரையும் அவரையும். என் அறைத் தோழன் ரமோன், பிலிப்பைன்ஸ்காரன், தச்சு வேலை சொல்லிக்கொடுக்க வந்தவன், பெட்டியின் அடியில் கருவாடு வைத்திருந்தான். அவன் அதை அடுப்பில் வாட்டிய நாளில் மொத்த விடுதியும் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடியது. நான் ஒருவன்தான் உள்ளே ஓடினேன். அன்றிலிருந்து நாங்கள் உயிர் நண்பர்கள்.

பயிற்சி நிலையத் தலைவர் ஜோசஃப், உள்ளூர்க்காரர். ஆறடிக்கு மேல் உயரம், குரல் மட்டும் தாழ்வு. ஆளைத் திட்டும்போது அது இன்னும் தாழும். காலையில் சுவாஹிலி மொழி. மத்தியானம் கக்கூஸ் குழி தோண்டுவது. சாயங்காலம் மணலில் சைக்கிள் ஓட்டுவது. நான் தோண்டிய குழியை எட்டிப் பார்த்து, "நல்ல கிணறு" என்றார். சைக்கிளில் விழும்போதெல்லாம் வழியில் போகிறவர்கள் "போலே" என்றார்கள். உனக்கு இப்படி ஆனதில் எனக்கும் வருத்தம் என்று அர்த்தம். எங்கள் ஊரில் விழுந்தால் முதலில் சிரிப்பார்கள், அப்புறம் தூக்குவார்கள். இங்கே சிரிப்பே இல்லை. எனக்கு அது என்னவோ குறையாகத்தான் இருந்தது.

ஆறாவது வாரம் ஆளுக்கொரு வீட்டில் விட்டார்கள். "பத்து நாள் கூட இருந்து பாருங்கள். வீட்டுக்காரர் எப்படி வேலை செய்கிறார் என்று எழுதிக்கொண்டு வாருங்கள். எதையும் மாற்ற வேண்டாம்" என்றார் ஜோசஃப். கடைசி வாக்கியத்தை அவர் தாழ்ந்த குரலில் சொன்னதால் அது என் காதில் ஏறவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

எனக்குக் கிடைத்தது மாமா நீமாவின் வீடு; ரமோனுக்கு அடுத்த தெரு. மாமா என்றால் அங்கே அம்மா. மூத்த பிள்ளையின் பேரைச் சேர்த்துக் கூப்பிடுவது வழக்கம். ஐம்பது வயதிருக்கும், கட்டையான உருவம். கணவர் ரயில்வேயில் எங்கோ தூரத்தில், மகளைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. வீட்டுக்குப் பின்னால் கம்பு நட்டுக் கம்பி இழுத்து முப்பது திராட்சைக் கொடிகள். அவர் பேசிய சுவாஹிலியில் எனக்குப் பாதிதான் புரிந்தது. மீதியை முகத்தைப் பார்த்து நிரப்பிக்கொண்டேன். ஆகவே அவர் பேச்சை எங்கள் ஊர்ப் பேச்சிலேயே தருகிறேன்; அவர் குரலுக்கு அதுதான் பொருந்துகிறது.

"இந்தியாவுலருந்து வந்த பெரிய ஆளு நீதானா?" என்று என்னைச் சுற்றி வந்து பார்த்தார். "சரி, சாப்புடு மொதல்ல."

மறுநாள் அவர் கடலைக் கூடையோடு ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். செப்டம்பர் மாதம். கொடிகளைப் பார்த்தேன். பழம் பறித்து முடிந்து, இலையெல்லாம் பழுத்துப் புழுதி படிந்து, சோம்பிப்போய் நின்றன. எனக்குள் இருந்த பதினான்கு ஆண்டு அனுபவம் விழித்துக்கொண்டது. ரமோனிடம் வாங்கிய கத்தரியை எடுத்தேன். மாமாவை ஆச்சரியப்படுத்த வேண்டும் என்பது திட்டம். சாயங்காலத்துக்குள் முப்பது கொடியையும் மொட்டையடித்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், பார்க்க அழகாகத்தான் இருந்தது. அப்படியே எங்கள் தோட்டம்.

இங்கே எங்கள் பள்ளத்தாக்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அங்கே ஒரு தோட்டத்தில் பழம் பறிப்பார்கள், அடுத்ததில் வெட்டுவார்கள், அதற்கும் அடுத்ததில் பூ நிற்கும். வருஷம் முழுக்க ஏதாவது ஒரு வேலிக்குப் பின்னால் பழம் இருக்கும். என் அனுபவம் இடைவெளி இல்லாமல் தொடர்ந்ததே அதனால்தான். வெட்டிய மறுநாள் தண்ணீர் பாயும். ஒன்று முல்லையாற்றுத் தண்ணீர், இல்லாவிட்டால் மோட்டார் தண்ணீர். யார் மடை திறந்தார்கள், யார் சுவிட்ச் போட்டார்கள் என்று நான் திரும்பிப் பார்த்தது கிடையாது. விடிந்தால் வெயில் வருகிற மாதிரி, வெட்டினால் தண்ணீர் வரும். ஆகவே திராட்சைக்குப் பருவம் என்று ஒன்று உண்டு என்பதும், அதற்குத் தண்ணீரை ஒருவர் கொண்டுவர வேண்டும் என்பதும், என் இருபத்தாறு வயது வரை எனக்கு எட்டாத இரண்டு செய்திகள்.

மாமா நீமா திரும்பி வந்தார். ஆச்சரியப்பட்டார்.

கூடையை இறக்காமலே கொல்லையில் நின்றார். "ஏலே, எலையெல்லாம் எங்க?" என்றார்.

நான் சிரித்துக்கொண்டே குவியலைக் காட்டினேன்.

"யாரு வெட்டச் சொன்னா?"

"எங்க ஊருல இப்புடித்தான், மாமா. பதினஞ்சு நாளுல துளுரு வந்துரும்."

"வரும்." கூடையை இறக்கினார். "மழைக்கு மூணு மாசம் இருக்கு. அதுவரைக்கும் இதுக தூங்கணும். நீ எழுப்பி விட்டுட்ட. எந்திருச்சா தண்ணி கேக்கும். குடுக்காட்டித் துளுரு கருகிரும். கருகுன கொடி அடுத்த வருசம் காய்க்காது. தெரியுமா உனக்கு?"

தெரியாது என்பதை என் முகமே சொல்லியிருக்க வேண்டும். அவர் அதற்கு மேல் திட்டவில்லை. குவியலிலிருந்து ஒரு குச்சியை எடுத்து, இரண்டு விரலால் உரித்துப் பார்த்து, திரும்ப அதே இடத்தில் மெதுவாக வைத்தார். திட்டியிருந்தால் தேவலை.

அதற்குள் அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்துவிட்டார்கள். எழவு வீட்டுக்கு வருவது போலத்தான் வந்தார்கள். மாமாவின் கையைப் பிடித்து "போலே" என்றார்கள். ஒரு கிழவி கொடி கொடியாகத் தொட்டு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக "போலே" சொல்லிக்கொண்டு போனாள். என்னிடம் யாரும் சொல்லவில்லை.

மறுநாள் ஜோசஃபின் அறையில் விசாரணை. அவர் குரல் தரையைத் தொட்டது. "எதையும் மாற்ற வேண்டாம் என்றேன். நீங்கள் எதை மிச்சம் வைத்தீர்கள்?"

கத்தரியை எடுத்து அவர் மேசை மேல் வைத்தேன்.

"இன்னும் இரண்டு வாரத்தில் கிராமங்களுக்கு லாரி போகிறது. மலை ஓரத்தில் உங்களுக்கென்று ஒரு கிராமம் வைத்திருந்தேன். இப்போது உங்களை அங்கே அனுப்பினால், அந்த மக்கள் என்னை மன்னிப்பார்களா என்று தெரியவில்லை. நான் முடிவு செய்யப்போவதில்லை. அந்தத் தோட்டம் அந்த அம்மாவுடையது. அவர் சரி என்றால் லாரியில் ஏறுங்கள்."

தபால் ஆபீசுக்கு ஓடினேன். அண்ணனுக்கு ஒரு தந்தி: பருவம் தப்பி வெட்டிவிட்டேன், தண்ணீர் இல்லை, என்ன செய்யலாம்? நாலாம் நாள் பதில் வந்தது. கடல் தாண்டி வந்த அந்தத் தாளில் இருந்த வாசகம்: 'உன் கையில் கத்தரியைக் கொடுத்தது யார்?' ஆலோசனை என்ற தலைப்பில் அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

ஆனால் அதற்குள் நான் தண்ணீர் சுமக்க ஆரம்பித்திருந்தேன். கொடிக்கு ஒரு டின். ஒரு நாளைக்குப் பத்துக் கொடி. மூன்று நாளில் ஒரு சுற்று முடியும். முடிந்ததும் முதல் கொடிக்குத் திரும்பவும் தாகம் எடுத்திருக்கும். தண்ணீர் இருந்தது அரை மைல் தள்ளி, காய்ந்த ஆற்று மணலில் தோண்டிய ஊற்றில். கோடையில் வைகை மணலில் தோண்டுவார்களே, அதே மாதிரி. வைகையில் யாரோ தோண்டினார்கள், நான் பாலத்தின் மேல் பஸ்ஸில் போனேன். இங்கே பாலமும் இல்லை, பஸ்ஸும் இல்லை.

முதல் நடையில், சைக்கிளின் இரண்டு பக்கமும் டின்னைக் கட்டி மணலில் தள்ளினேன். சைக்கிள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், தண்ணீர் எல்லாப் பக்கமும். ஊற்றடியில் நின்ற பெண்களுக்கு ஆம்பிளை தண்ணீர் எடுப்பதே வேடிக்கை. அவன் விழுந்து விழுந்து எடுப்பது திருவிழா.

"அவரு தரைக்கு ஊத்துறாரா, கொடிக்கு ஊத்துறாரா?"

"இந்தியாவுல அப்புடித்தான் போலருக்கு. வழியெல்லாம் ஊத்திக்கிட்டே போவாக."

"கல்யாணம் ஆயிருச்சாமா?"

"இந்த லட்சணத்துல எவ கட்டுவா?"

அந்த ஊரில் என்னைப் பார்த்துச் சிரித்தது அன்றுதான். வந்ததிலிருந்து நான் எதிர்பார்த்தது இப்படிக் கிடைத்தது. சிரித்து முடித்தபின் ஒருத்தி ஒரு கொத்து இலையை ஒடித்து என் டின்னில் போட்டாள். இலை மிதந்தால் தண்ணீர் தளும்பாதாம். பதினான்கு ஆண்டு அனுபவஸ்தன் கற்றுக்கொண்ட முதல் பாடம்.

நாலாம் நாள் தோளில் தோல் உரிந்தது. ரமோன் ஒரு காவடிக்கட்டை செதுக்கிக் கொடுத்தான். ஊரில் பழனிக்குக் காவடி எடுக்கச் சொன்னபோது, முட்டி வலி என்று தப்பித்தவன் நான். முருகன் ஆப்பிரிக்கா வரைக்கும் ஆள் அனுப்பி வசூலித்துக்கொண்டார். நான் போகிற வழியில் ஒரு சைக்கிள் கடை. அதன் வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள், ஒவ்வொரு நடைக்கும் என் வீடு எப்படி, வேலை எப்படி, ராத்திரி எப்படித் தூங்கினேன் என்று விசாரித்தார்கள். அங்கே விசாரிக்காமல் விட்டால் மரியாதைக் குறைவு. நின்று பதில் சொல்லாவிட்டால் அதைவிடக் குறைவு. தோளில் இரண்டு டின்னோடு நின்று, வீடு நலம், வேலை நலம், நல்ல தூக்கம் என்று ஒரு நாளைக்கு ஐந்து முறை பொய் சொன்னேன்.

மாமா என்னோடு பேசவில்லை. ஆனால் சாப்பாடு போட்டார். களி உருண்டை முதல் நாளைவிடச் சற்றுப் பெரிதாகக்கூட இருந்தது. எட்டாம் நாள் கீரையைத் தள்ளி வைத்துவிட்டு அவராகவே சொன்னார்.

"மொதக் கொடிய நட்டப்ப எல்லாரும் சிரிச்சாக. இந்த மண்ணுல திராட்சையான்னு. மூணு வருசம் தண்ணி செமந்தேன். இப்ப பழக் காலத்துல கூடையத் தூக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போனா, ரயிலு நிக்கிறதுக்குள்ள வித்துரும். கடலை விக்கிறது வயித்துக்கு. கொடிதான் எனக்கு."

'எனக்கு' என்று அவர் நிறுத்தியதை நான் எந்த அகராதியிலும் தேடவில்லை. நகைச்சுவையாக ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்து, களியைப் போட்டு மூடிக்கொண்டேன்.

பத்தாம் நாள் ஒன்றுமில்லை. பதினோராம் நாள் ஒன்றுமில்லை. பத்து நாள் தவணை முடிந்தும் மாமா வீட்டிலேயே தங்கி, விடிந்ததும் குச்சி குச்சியாகக் கண்ணை வைத்துப் பார்ப்பேன். ஒரு கணுவில் பச்சையாக ஏதோ தெரிய, ஓடிப்போய் ரமோனைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அவன் ஊதினான், அது பறந்து போனது. வெட்டுக்கிளி.

பன்னிரண்டாம் நாள் நிலையத்தின் சுவரில் பட்டியல் ஒட்டினார்கள். ரமோனுக்கு ஏரிக்கரையில் ஒரு ஊர். என் பேருக்கு எதிரே கிராமத்தின் பேர் இருந்தது; பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறியும் இருந்தது. ஜோசஃப் என் கண்ணெதிரேதான் அதைப் போட்டார். பேனாவால் போடவில்லையே என்று ஆறுதல் பட்டுக்கொண்டேன்.

பதிமூன்றாம் நாள் காலையில் நாலாவது கொடியில் சிவப்பும் பச்சையுமாக, எறும்புத் தலை அளவில் ஒன்று. ஊதினேன். பறக்கவில்லை. இன்னும் பலமாக ஊதினேன். அப்படியே இருந்தது. அடுத்த கொடியில் இரண்டு. அதற்கடுத்ததில் கணுவுக்குக் கணு. மறுநாள் சாயங்காலத்துக்குள் இருபத்தெட்டு துளிர்த்துவிட்டன. மீதி இரண்டும் யோசித்துக்கொண்டிருந்தன. அந்த ஊரில் அவசரம் யாருக்கும் கிடையாது என்று முன்பே சொன்னேனே.

பக்கத்து வீட்டுக் கிழவி கொடி கொடியாகத் தொட்டுப் பார்த்து, இந்தத் தடவை ஒன்றும் சொல்லாமல் போனாள். ரமோன் என்னைத் தூக்கிச் சுற்றினான். உரிந்த தோளில் பிடித்துச் சுற்றியதால் அலறினேன். ஊற்றடிப் பெண்கள் கும்மியடிக்காத குறை. லாரி மறுநாள் காலையில். பெட்டியைக் கட்டினேன். அந்த மாலையும் மரியாதையும் வீண்போகவில்லை என்று அண்ணனுக்கு அடுத்த தந்தியின் வாசகத்தைக்கூட மனசுக்குள் எழுதிவிட்டேன்.

காலைப் பயணத்துக்கு வைத்திருந்த நல்ல சட்டையைச் சாயங்காலமே போட்டுக்கொண்டு மாமாவிடம் போனேன். அவர் கொல்லையில் குனிந்து, துளிரை நகம் படாமல் விரல் முதுகால் தடவிக்கொண்டிருந்தார். முகத்தில் கோபம் இல்லை. அதுவே எனக்குப் பாதி அனுமதி கிடைத்தது போலத்தான் இருந்தது. இரண்டு நாளாக மனப்பாடம் செய்த சுவாஹிலியைத் தப்பில்லாமல் சொன்னேன்.

"மாமா, துளுரு வந்துருச்சு. நா செஞ்சது தப்புதான். நீங்க எனக்குச் சோறு போட்டீக. நாளைக்குக் காலையில லாரி. நீங்க சரின்னு சொன்னாத்தான் ஏத்துவாக. நா போகட்டுமா?"

மாமா நீமா நிமிர்ந்தார். ஒரு மேகம்கூட இல்லாத வானத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நிதானமாகப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மழை வந்ததும் போ."